கல்யாணமும் காட்சியும்

சென்னையிலிருந்து பூந்தமல்லிக்குப் போகிற நெடுஞ்சாலையில், மதுரவாயலைத் தாண்டினால் வேலப்பன்சாவடி வருகிறது. பூந்தமல்லியின் ஓரத்தில் குமணன்சாவடி என்றும் கரையான்சாவடி என்றும் இன்னும் இரண்டு சாவடிகள் இருக்கின்றன. சாவடி என்றால் வழிப்போக்கர்கள் மூட்டையை இறக்கிவைத்து, ஓர் இரவு படுத்து எழுந்து போகும் இடம். மாட்டு வண்டிகள் மறைந்தபோது சாவடிகளும் மறைந்துவிட்டன; பெயர் மட்டும் நிற்கிறது.

ஆனால் அந்தப் பெயரை யாரும் பொய்யாக்கிவிடவில்லை என்றே சொல்ல வேண்டும். இந்தச் சாலை நெடுகிலும் இப்போது கல்யாண மண்டபங்கள். முந்தின நாள் மாலை ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு வந்து இறங்குகிறார்கள். ஓர் இரவு தங்குகிறார்கள். மறுநாள் மத்தியானம் பந்தி முடிந்ததும் தாம்பூலப் பையோடு கிளம்பிவிடுகிறார்கள். சாவடியில் நடந்ததும் இதுதானே!

இதே சாலையில் இன்னும் மேற்கே போனால் செம்பரம்பாக்கத்தில் சினிமாப் படம் பிடிக்கிற பெரிய வளாகம் ஒன்று இருக்கிறது. அங்கே அட்டையிலும் பலகையிலும் கல்யாண மண்டபம் கட்டிப் படம் எடுக்கிறார்கள். இங்கே நிஜமான மண்டபத்தைச் சினிமா செட் மாதிரி ஜோடித்துக் கல்யாணம் செய்கிறார்கள். யாரைப் பார்த்து யார் செய்கிறார்கள் என்று கேட்டால், பதில் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. அதைக் கொஞ்சம் ஆராய்ந்து பார்க்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

ஆராய்ச்சிக்கு வேண்டிய முதல் சான்று வேலப்பன்சாவடிக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. சாலையிலிருந்து பிரிந்து போனால் திருவேற்காடு. கருமாரியம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் எல்லாருக்கும் தெரியும். அதே ஊரில் வேதபுரீசுவரர் கோயில் என்று ஒரு பழைய சிவஸ்தலம் இருக்கிறது. திருஞானசம்பந்தர் பதிகம் பெற்றது. கர்ப்பக்கிருகத்தில் லிங்கத்துக்குப் பின்னால், சிவபெருமானும் பார்வதி தேவியும் கல்யாணக் கோலத்தில் இருக்கிறார்கள்.

அதன் கதை நேயர்களுக்குத் தெரிந்ததுதான். கயிலையில் கல்யாணம். மூவுலகமும் அங்கே போய்க் கூடிவிட்டபடியால் பாரம் தாங்காமல் வடக்கே பூமி தாழ்ந்து, தெற்கே உயர்ந்துவிட்டது. சிவபெருமான் அகத்தியரைக் கூப்பிட்டு, "நீர் தெற்கே போய்ச் சமன் செய்யும்" என்கிறார். அகத்தியருக்கு வருத்தம். ஊரெல்லாம் கல்யாணம் பார்க்க, தான் மட்டும் பாராமல் போவதா? "கவலைப்படாதீர், நீர் இருக்கும் இடத்துக்கே வந்து கல்யாணக் கோலம் காட்டுகிறேன்" என்று வாக்குக் கிடைக்கிறது. அப்படிக் காட்சி கொடுத்த இடங்களில் ஒன்று திருவேற்காடு.

இந்தக் கதையில் என்னைக் கவர்வது பூமி சாய்ந்த அதிசயம் அல்ல. 'கல்யாணம் ஆயிற்று, அகத்தியருக்குச் சொல்லி அனுப்பிவிட்டோம்' என்று கதையை முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. கல்யாணம் என்றால் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியவன் பார்க்காவிட்டால் கல்யாணத்தில் ஏதோ குறை இருக்கிறது என்று நினைத்த மனம் அது.

இந்த யோசனையெல்லாம் எனக்கு ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூரில் என் நெடுநாளைய நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய பேத்திக்குச் சினிமாப் பைத்தியம். நடிக்கிற பைத்தியம் அல்ல, பார்க்கிற பைத்தியம். மார்கழிக் குளிரில் சென்னையில் நடக்கும் சர்வதேசத் திரைப்பட விழாவில் வரிசையில் நின்றபோது இன்னொரு பைத்தியத்தைச் சந்தித்தாள். இரண்டு பைத்தியங்களுக்கும் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. வேலப்பன்சாவடியில் சின்னதாக ஒரு மண்டபமும் பேசியாகிவிட்டது.

பெண்ணின் திட்டம் இதுதான். அழைப்பிதழ் அந்தக் காலத்துச் சினிமாப் பாட்டுப் புத்தகம் மாதிரி இருக்கும். கொட்டகை வாசலில் விற்பார்களே, கதைச் சுருக்கம் சொல்லி, முக்கியமான கட்டம் வந்ததும் 'மற்றவை வெள்ளித் திரையில் காண்க' என்று நிறுத்திவிடுவார்களே, அதே தினுசு. மண்டப வாசலில் டிக்கெட் கவுண்டர். உள்ளே கறுப்பு வெள்ளை ஜோடனை. தாலி கட்டி முடிந்ததும் 'இடைவேளை' என்று ஒரு பலகை. அப்போது முறுக்கும் சோடாவும். வருகிறவர்கள் அறுபது பேர், அறுபத்தொன்று கிடையாது.

நண்பர் என்னிடம் வந்து, "நீங்களே சொல்லுங்கள் சார், இது கல்யாணமா, டூரிங் டாக்கீஸா?" என்று கேட்டார். பேத்தியும் கூடவே வந்திருந்தாள். "நீங்கள் கதை எழுதுகிறவர் ஆயிற்றே, தாத்தாவுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன்" என்றாள். கதை எழுதுகிறவனிடம் நியாயம் கேட்டால் அவன் வேறு என்ன செய்வான்? கதைதான் சொன்னேன்.

நண்பரே! உங்கள் கல்யாணம் கூத்து இல்லாமலா நடந்தது? மாப்பிள்ளை மயில்கண் வேஷ்டி கட்டி, குடையும் தடியும் விசிறியும் எடுத்துக்கொண்டு, காசிக்குச் சந்நியாசியாகப் போகிறேன் என்று புறப்படுகிறார். நாலு அடி வைத்ததும் பெண்ணின் தகப்பனார் வழிமறித்து, 'போகாதீர், என் பெண்ணைத் தருகிறேன்' என்று வேண்டுகிறார். அவர் காசிக்குப் போகமாட்டார் என்பது அவருக்கும் தெரியும், மாமனாருக்கும் தெரியும், நாயனக்காரருக்கும் தெரியும். இருந்தாலும் ஒருவர் முகத்திலும் சிரிப்பு வரக்கூடாது. இதைவிடப் பெரிய நாடகம் எந்தக் கொட்டகையில் நடந்தது? காசி யாத்திரை இல்லாத குடும்பங்களில் தண்ணீர்ப் பானைக்குள் மோதிரத்தைப் போட்டு, பெண்ணையும் பிள்ளையையும் கையை விட்டுத் தேடச் சொல்கிறார்கள். ஊஞ்சலும் நலங்கும் அப்பளம் உடைப்பதும் எதற்காக? முன்பின் பழகாத இரண்டு பேரை நாலு பேருக்கு முன்னால் விளையாடவிட்டுக் கூச்சம் தெளிவிப்பதற்காக. பெரியவர்கள் போட்ட நல்ல திட்டம்.

கல்யாணத்தைக் கனவுக் காட்சியாக அமைத்ததும் சினிமாக்காரர்கள் முதலில் செய்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் செய்துவிட்டாள். நாச்சியார் திருமொழியில், ஆயிரம் யானை சூழ மாப்பிள்ளை வருவது முதல், கைத்தலம் பற்றி, தீ வலம் வந்து, அம்மி மிதித்து, பொரி இட்டு, யானை மேல் ஊர்வலம் போவது வரையில், ஒன்றன்பின் ஒன்றாகத் தன் கல்யாணத்தைக் கனவில் கண்டதாகத் தோழியிடம் சொல்கிறாள். இன்றைக்கும் வைஷ்ணவக் கல்யாணங்களில் அந்தப் பாசுரங்களைச் சொல்கிறார்கள். ஒரு பெண் கண்ட கனவு பல தலைமுறைகளின் நிஜக் கல்யாணத்துக்குள் புகுந்துவிட்டது. சினிமாக் கல்யாணம் நம் கல்யாணத்துக்குள் புகுந்ததைப் பார்த்து நாம் ஏன் இவ்வளவு ஆச்சரியப்பட வேண்டும்?

அறுபது பேர் என்றதும் நண்பருக்கு முகம் சுருங்கிற்று. அதற்கும் பழைய புஸ்தகத்தில் இடம் இருக்கிறது. அகநானூற்றின் 86-ஆம் பாட்டில் ஒரு கல்யாணம் வருகிறது. பந்தல் போட்டு, மணல் பரப்பி, விளக்கு வைத்திருக்கிறார்கள். விடிவதற்கு முன்னால் நல்ல வேளையில், பிள்ளை பெற்ற நாலு பெண்கள் மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துகிறார்கள். உளுந்து சேர்த்த சோறு விருந்து. ஹோமத் தீயைப் பற்றிய பேச்சே இல்லை. அக்கம் பக்கத்தார், உறவினர், அவ்வளவுதான். அதற்கு நேர்மாறாகச் சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்தைப் பாருங்கள். பெண்களை யானை மேல் ஏற்றிப் புகார் நகரம் முழுவதற்கும் கல்யாணச் செய்தி சொல்லுகிறார்கள். பதினாறு வயதுக் கோவலனுக்கும் பன்னிரண்டு வயதுக் கண்ணகிக்கும் ஊரே கூடிச் செய்த கல்யாணம் அது. பின்னால் என்ன ஆயிற்று என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் பெரிதாய் இருந்ததால் வாழ்வும் பெரிதாய் இருந்துவிடவில்லை.

இனி சினிமா விஷயத்துக்கு வருகிறேன். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-ஆம் வருஷம் வந்தது. அதன் கதாநாயகி டி.பி.ராஜலக்ஷ்மி இரண்டு வருஷம் கழித்து நடித்துப் பெரும் பேர் வாங்கிய படம் எது? 'வள்ளி திருமணம்.' அடுத்த வருஷம் 'சீதா கல்யாணம்' வந்தது. நாடகக் கொட்டகையில் எந்தக் கல்யாணங்களைப் பார்த்து ஜனங்கள் மகிழ்ந்தார்களோ, அதே கல்யாணங்களைத் திரையில் காட்டித்தான் நம் சினிமா கண் விழித்தது. 'சீதா கல்யாண'த்தில் ராமராக நடித்தவர் எஸ்.ராஜம், சீதையாக நடித்தவர் அவருடைய சொந்தத் தங்கை ஜயலக்ஷ்மி! திரையில் நடப்பது வேறு, வீட்டில் நடப்பது வேறு என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டாம்.

கல்யாணத்திடம் கடன் வாங்கிய சினிமா, பிறகு வட்டியோடு திருப்பிக் கொடுத்தது. பந்தல் மூலையில் ஒலிபெருக்கியைக் கட்டி இசைத்தட்டு வைக்கிற பழக்கம் வந்ததும், சினிமாப் பாட்டு நாயனத்தோடு போட்டிக்கு நின்றது. 1961-இல் வந்த 'பாசமல'ரில் தோழிகள் மணப்பெண்ணைக் கேலி செய்து அழைப்பதாக எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய பாட்டும், 1962-இல் வந்த 'சாரதா'வில் மருமகளை வரவேற்கும் பாட்டும் ஒலிக்காத கல்யாண வீடு தமிழ்நாட்டில் அபூர்வம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'பாசமலர்' அண்ணனும் தங்கையும் மாண்டு முடிகிற கதை. 'சாரதா' மணவாழ்வு கைகூடாத ஒரு பெண்ணின் துயரக் கதை. மங்கல வீட்டில் போடக்கூடிய படங்களா இவை? நம்முடைய ஜனங்கள் கெட்டிக்காரர்கள். கதையைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். சினிமாவிடம் நமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிடலாம் என்பதற்கு இந்த இரண்டு பாட்டுக்களும் சாட்சி.

அந்தச் சாமர்த்தியம் எங்கே தவறியது தெரியுமா? வீடியோ வந்தபோது. 1980-களிலே கல்யாண வீட்டுக்குள் நுழைந்த கேமராக்காரர், மெள்ள மெள்ள டைரக்டர் ஆகிவிட்டார். "மாமா, அந்தத் தாலியை இன்னொரு தரம் தூக்கிப் பிடியுங்கள்", "பொண்ணு, கொஞ்சம் வெட்கப்படுங்க" என்று உத்தரவு போட்டார். சாஸ்திரிகள் முகூர்த்தத்துக்குப் பயப்படுகிறார். எல்லாரும் கேமராக்காரருக்குப் பயப்படுகிறார்கள். தாலி கட்டுகிற வேளையில் அவரும் விளக்குப் பிடிப்பவரும் இன்னும் நாலு பேரும் மணமேடையைச் சுற்றி நின்றுகொள்கிறார்கள். அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற நமக்குத் தெரிவதெல்லாம் அவர்களுடைய முதுகுதான். முதுகுக்கு அட்சதை போட்டுவிட்டு வந்த கல்யாணங்கள் எனக்கு எத்தனையோ! நாளைக்குப் பார்ப்பதற்காக இன்றைக்கு வந்தவர்களைப் பார்க்கவிடாமல் அடிக்கிறார்கள். என் நண்பர் கோபப்பட வேண்டியது டிக்கெட் கவுண்டரைப் பார்த்தல்ல, இதைப் பார்த்துத்தான் என்று சொன்னேன்.

சினிமாவையே தொழிலாகக் கொண்டவர்கள் எப்படிக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பதையும் கவனிக்கலாம். என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் 1936-இல் 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் புனாவுக்குப் போன இடத்தில், உடன் நடித்தவர்கள் பார்க்கக் கல்யாணம் செய்துகொண்டார்கள். எம்.எஸ்.சுப்புலக்ஷ்மிக்கும் சதாசிவத்துக்கும் 1940 ஜூலையில் பல்லாவரத்துக்குப் பக்கத்துத் திருநீர்மலைக் கோயிலில் கல்யாணம் நடந்தது, ஆடம்பரம் கிடையாது. அதே வருஷம் வெளிவந்த படம் 'சகுந்தலை.' அதில் எம்.எஸ். சகுந்தலை, ஜி.என்.பாலசுப்பிரமணியம் துஷ்யந்தன்.

சகுந்தலையின் கதையை நினைத்துப் பாருங்கள். கானகத்தில் காந்தர்வ விவாகம். வளர்த்த தகப்பனார் கண்ணுவர் ஊரில் இல்லை. சாட்சி என்று சொல்ல ஒரு மோதிரம். அதுவும் ஆற்றோடு போய்விட்டது. அரச சபையில் அவள் கர்ப்பிணியாக நிற்கும்போது, "உன்னை எனக்குத் தெரியாதே" என்கிறான் கணவன். சாபம் என்று கவி சமாதானம் சொல்கிறார். சாபமில்லாமலே மறந்துபோகிற கணவன்மார்கள் உலகத்தில் இல்லையா? அன்றைக்கு அவள் பக்கத்தில் நின்று, 'நான் பார்த்தேன். இவர்தான் இவளை மணந்தவர்' என்று சபையறியச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் அந்தப் பெண் அவ்வளவு கண்ணீர் விட்டிருக்க வேண்டாம். கல்யாணத்துக்கு நாலு பேரைக் கூப்பிடுவது அவர்கள் சாப்பிட்டுப் போவதற்காக மட்டும் ஏற்பட்ட வழக்கமல்ல.

சட்டமும் இதே இடத்தைச் சுற்றித்தான் வந்திருக்கிறது. 1928-இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் முதல் சுயமரியாதைக் கல்யாணத்தை நடத்திவைத்தார். மந்திரம் இல்லை, புரோகிதர் இல்லை. ஆனால் ஆட்கள் இருந்தார்கள். 1967-இல் அண்ணாதுரையின் அரசாங்கம் அந்தக் கல்யாணங்களைச் செல்லுபடியாக்கச் சட்டம் செய்தபோது, உறவினரோ நண்பரோ வேறு யாராவதோ முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டதாகச் சொன்னாலும், மாலை மாற்றினாலும், மோதிரம் போட்டாலும், தாலி கட்டினாலும் போதும் என்று எழுதிற்று. அக்கினியை விட்டது, முன்னிலையில் என்ற வார்த்தையை விடவில்லை. இந்த வகைக் கல்யாணத்துக்கு ஊர் கூட்டிப் பகிரங்கப்படுத்த வேண்டிய அவசியமில்லை என்று 2023-இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. வீட்டார் விரோதத்துக்குப் பயந்து ஒளிந்து மணக்கிற இளம் ஜோடிகளுக்கு அது உயிர்ப் பிரச்னை. கல்யாணம் என்பது ஆட்டமும் பாட்டும் விருந்தும் மட்டும் அல்ல என்று 2024-இல் இன்னொரு வழக்கில் அதே கோர்ட்டு சொல்லியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குக் கிடைக்கிற பொருள் இது: கூட்டம் வேண்டியதில்லை, ஆனால் கூத்து மட்டும் போதாது.

கூட்டம் இல்லாத கல்யாணத்தை நாடு முழுவதுமே ஒரு தரம் ஒத்திகை பார்த்துவிட்டது. 2020-இல் கொரோனா வந்தபோது, கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. தாத்தா பாட்டிகள் ஊரில் உட்கார்ந்து, கைபேசியின் சின்னஞ்சிறு திரையில் பேரனுடைய மாங்கல்யதாரணத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். திரைக்கே கூட சிலர் அட்சதை போட்டார்கள். 2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டுத் தம்பதி ஒன்று அதற்கும் மேலே போயிற்று. ஹாரி பாட்டர் படங்களில் வருகிற மாயப் பள்ளிக்கூடத்தைக் கம்ப்யூட்டருக்குள் கட்டி, அதில் வரவேற்பு நடத்தினார்கள். விருந்தாளிகள் பொம்மை உருவில் வந்து போனார்கள். பத்திரிகைகளில் படித்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் ஆரம்பித்தேன். ஆனால் காலமாகிவிட்ட பெண்ணின் தகப்பனாரையும் அந்த மண்டபத்தில் உருவமாக வரவழைத்து ஆசீர்வாதம் செய்ய வைத்தார்கள் என்று படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மாயப் பள்ளிக்கூடம், மந்திரக் கோல் எல்லாம் அந்த ஒருவரை அழைத்து வருவதற்காகப் போட்ட செட் என்று எனக்குத் தோன்றிற்று. பார்க்க வேண்டியவர் பார்க்காத கல்யாணத்தில் குறை இருக்கிறது என்று நினைக்கிற மனம் இன்னும் சாகவில்லை.

இவ்வளவும் சொல்லி முடித்தபின் நண்பர் தம் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். நாற்பது வருஷத்து மொய் நோட்டு. பழுப்பேறிய பக்கங்களில் ஐந்து ரூபாயும் பதினொரு ரூபாயுமாகப் பெயர்கள். "இவர்கள் வீட்டிலெல்லாம் நான் சாப்பிட்டிருக்கிறேன் சார். அறுபதுக்குள் இவர்களை எப்படி அடைப்பது?" என்றார். அவர் குரல் தழுதழுத்தது. டிக்கெட் கவுண்டரைப் பற்றி அவர் போட்ட சத்தத்துக்கெல்லாம் காரணம் இதுதான் என்று அப்போதுதான் பேத்திக்கே விளங்கியது.

அவள் நோட்டைக் கையில் எடுத்து வெகு நேரம் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "அறுபதில் முப்பது பேர் உங்களுக்கு, தாத்தா. நீங்களே எழுதுங்கள். எங்கள் ஆபீஸ்காரர்களுக்கு வேறொரு நாள் காப்பி கொடுத்துக்கொள்கிறோம்" என்றாள். கேமராக்காரர் மணமேடைக்குக் கீழே, ஓர் ஓரத்தில்தான் நிற்கலாம் என்ற நிபந்தனையையும் அவளே சேர்த்தாள். இடைவேளைப் பலகையும் முறுக்கும் இருக்கட்டும் என்று நண்பரும் இறங்கி வந்தார்.

அவர் எழுதிய முப்பது பெயர்களில் அவருடைய அக்காளின் பெயர் இல்லை. எண்பத்தெட்டு வயது, திருவண்ணாமலையில் படுத்த படுக்கையாக இருக்கிறார். "வர முடியாதவர் பெயரை எழுதி ஓர் இடத்தை வீணாக்குவானேன்?" என்றார். பெண் பேசாமல் பேனாவை வாங்கி, பட்டியலின் தலைப்பில் அத்தைப் பாட்டியின் பெயரை எழுதினாள். கல்யாணம் முடிந்த அன்று மாலையே, பட்டுப் புடவையும் மாலையுமாக, அந்தக் கோலத்தைக் கலைக்காமல், இருவரும் திருவண்ணாமலைக்குப் போகிறார்கள். வேலப்பன்சாவடி வழியாகப் போகிற சாலைதான். திருவேற்காட்டுப் பாதை பிரிகிற இடத்தைக் கடந்துதான் வண்டி போக வேண்டும்.